சர்வர்ல 1.8 டிபி காலி, ஆனா எல்லா மெஷின்லயும் 'டிஸ்க் ஃபுல்' (சாம்பா, எக்ஸ்ட்4)

#1 வண்ணார்பேட்டை_ஆல்பம்

கல்யாண ஆல்பம் லேப் சர்வர். டெபியன் 12 லினக்ஸ், சாம்பா (சர்வர் ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிர்ற நிரல்), 8 டிபி டிஸ்க் ரெண்டு ரெய்டு 1-ல (ரெண்டுலயும் ஒரே நகல்), மேல எக்ஸ்ட்4 (டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணின முறை). விண்டோஸ் மெஷின் ஆறு. புது ஃபைல் எதைச் சேவ் பண்ணப் போனாலும் இடமில்லைன்னு சொல்லுது. 40 கேபி ஜேபெக்குக்கும் அதே பதில்தான்.

சர்வர்ல 'டிஎஃப் -எச்' போட்டா மொத்தம் 7.3 டிபி, பயன்பாடு 5.1, காலி 1.8, 74 சதவீதம். பழைய வீடியோ 200 ஜிபி, 38 ஃபைல், சர்வர்லயே உக்காந்து நேரா அழிச்சோம். கொஞ்ச நேரம் ஓடுச்சு, மறுபடி அதே எரர். ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க்கோட உடல்நிலை) சுத்தம், ரெய்டு ரெண்டு டிஸ்க்கும் ஓட்டத்துல இருக்கு. ஆவணி முகூர்த்த ஆர்டர் நிக்குது. அண்ணாச்சிமார் யாராவது வழி சொல்லுங்க.

#2 பாளை_அட்மின்

முதல்ல இனி எதையும் அழிக்காதிய. எது தீந்துபோச்சுன்னு தெரியாம அழிச்சா தடயம்தான் போகும்.

மூணு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ஏற்கெனவே இருக்குற ஒரு பிஎஸ்டி-யை (ஃபோட்டோஷாப் ஃபைல்) திறந்து, சர்வர்ல டெர்மினல்ல அதே பேர்ல மேலெழுத முடியுதா? ரூட்டா (முழு அதிகாரமுள்ள அட்மின் கணக்கு) இருந்து அதே ஃபோல்டர்ல 'டச்' போட்டு வெறும் ஃபைல் ஒண்ணு உருவாக்க முடியுதா? அப்புறம் 'டிஎஃப் -ஐ' என்ன காட்டுது? சின்ன எழுத்து ஐ. அது பைட்டை எண்ணாது, ஐநோடை எண்ணும். ஐநோடுன்னா ஒரு ஃபைலைப் பத்தி டிஸ்க் வைக்கிற பதிவு அட்டை.

#3 தாமிரபரணி_64

எக்ஸ்ட்4-ல 5 சதவீதம் ரூட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கும். 8 டிபி-யில அது 400 ஜிபி. அதுவா இருக்கும். 'டியூன்2எஃப்எஸ் -எம் 1' போட்டா 1 சதவீதமாக் குறையும், டிஸ்க்கை அன்மவுண்ட் பண்ணவும் (சிஸ்டத்துல இருந்து இணைப்பை எடுக்கவும்) வேண்டாம்.

#4 பாளை_அட்மின்

அது நல்ல வேலைதான், ஆனா இந்த நோய்க்கு மருந்து இல்ல. 'டிஎஃப்' காட்டுற 'காலி' அந்த 5 சதவீதத்தைக் கழிச்ச பிறகு வர்ற கணக்கு. அவங்க கணக்கைக் கூட்டிப் பாருங்க: 5.1-உம் 1.8-உம் சேந்தா 6.9, மொத்தம் 7.3. குறையுற 0.4-தான் ரூட்டோட பங்கு. சாதாரண யூசருக்கே 1.8 டிபி காலின்னு சொல்லும்போது ஒதுக்கீடு குறுக்க வராது. ஒதுக்கீடு காரணம்னா 'காலி' பூஜ்ஜியம்னு இருக்கும், ரூட்டுக்கு மட்டும் எழுத முடியும். அதுக்குத்தான் ரூட்டா 'டச்' பண்ணிப் பாக்கச் சொன்னது.

#5 வண்ணார்பேட்டை_ஆல்பம்

பாத்தாச்சு அண்ணாச்சி. பழைய ஃபைலை மேலெழுத முடியுது, பெருசாக்கவும் முடியுது. ரூட்டா 'டச்' போட்டாலும் 'டிவைஸில் இடமில்லை'ன்னு வருது. 'டிஎஃப் -ஐ': மொத்தம் 19 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சம், மீதி 0, 100 சதவீதம்.

#6 பாளை_அட்மின்

அவ்வளவுதான், ஆள் அகப்பட்டாச்சு. பந்தியில சோறு இருக்கு, இலை தீந்துபோச்சு.

எக்ஸ்ட்4-ல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு ஐநோடு வேணும். மொத்தம் எத்தனைன்னு ஃபார்மேட் பண்ணும்போதே முடிவாயிரும், அதே டிஸ்க் அளவுல பிறகு கூட்ட முடியாது. சாதாரணமா 16,384 பைட்டுக்கு ஒண்ணு. அந்தக் கணக்குல 8 டிபி-க்கு 48 கோடிக்கு மேல வரணும். உங்களுக்கு 19 லட்சம்தான். 8 டிபி-யை 19.07 லட்சத்தால வகுத்தா 41.9 லட்சம் பைட் வரும், அதாவது 4 எம்பி-க்கு ஒண்ணு. ஃபார்மேட் பண்ணின ஆள் 'லார்ஜ்ஃபைல்4'ங்கற வகையைக் குடுத்திருக்கார். வெறும் வீடியோ வைக்கிற டிஸ்க்குக்கு அது தப்பே இல்ல. 48 கோடி ஐநோடுக்கு, ஒண்ணு 256 பைட்டுன்னு அட்டவணைக்கு மட்டும் 125 ஜிபி போகும். அதை மிச்சம் பிடிச்சிருக்கார். ஆனா பொடி ஃபைல் சேர்ற இடத்துல அதுவே சோலியை முடிச்சிரும்.

38 வீடியோ அழிச்சதும் ஏன் கொஞ்ச நேரம்தான் ஓடுச்சுன்னு இப்ப தெரியுதா? 200 ஜிபி காலியாச்சு, ஆனா கிடைச்ச ஐநோடு 38-தான். அடுத்து வந்த 38 பொடி ஃபைல் அதைத் தின்னுருச்சு.

இனி பொடி எங்க குவிஞ்சிருக்குன்னு தேடணும். 'டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் -டி 2' அந்த மவுண்ட் மேல போட்டு, 'சார்ட் -என்' வழியா விடுங்க. வழக்கமான 'டியூ -எச்' இங்க ஏமாத்தும், அது எடையைத்தான் பாக்கும், தலையை எண்ணாது.

#7 வண்ணார்பேட்டை_ஆல்பம்

'ப்ரிவியூ' ஃபோல்டர் ஒண்ணுல மட்டும் 16.8 லட்சம்! அதோட அளவு 34 ஜிபி-தான், அதனால யார் கண்ணுலயும் படல. ஆல்பம் செலக்ஷன் சாஃப்ட்வேர் ஒவ்வொரு போட்டோவுக்கும் மூணு சைஸ்ல சின்னப் படம் போடுது. முடிஞ்ச ஆர்டருக்கு உண்டானது எல்லாம் அழிக்கலாம், தேவைன்னா அதுவே திரும்ப உருவாக்கிக்கிடும்.

விண்டோஸ்ல இருந்து பழைய வருஷ ஃபோல்டர்களைத் தேர்ந்து அழிச்சுக்கிட்டு இருக்கோம். அழியுற மாதிரி காட்டுது, ஆனா 'டிஎஃப் -ஐ' அசையல.

#8 மேலப்பாளையம்_லினக்ஸ்

சாம்பா கான்ஃபிக்ல அந்த ஷேருக்கு (பகிர்ந்த ஃபோல்டருக்கு) 'விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ்' வரியில 'ரீசைக்கிள்' இருக்கான்னு பாருங்க. இருந்தா, நெட்வொர்க் வழியா அழிக்கிறது எல்லாம் அதே ஷேருக்குள்ள புள்ளியில தொடங்குற 'ரீசைக்கிள்' ஃபோல்டருக்குப் பேர் மாறிப் போகும், அவ்வளவுதான். ஐநோடும் விடுபடாது, இடமும் விடுபடாது. விண்டோஸ்ல அது மறைவா இருக்கும்.

'ரீசைக்கிள்:எக்ஸ்க்ளூட்_டிர்' வரியில ப்ரிவியூ ஃபோல்டரைச் சேத்துருங்க. பெரிய அழிப்பை சர்வர்லயே செய்ங்க. 'ஆர்எம்' பின்னால நட்சத்திரம் போட்டா லட்சக்கணக்கான பேரை ஷெல் ஒரே வரியில விரிக்கப் பாத்து 'ஆர்குமென்ட் லிஸ்ட் ரொம்ப நீளம்'னு நின்னுரும். 'ஃபைண்ட்' கட்டளையில பாதை, '-எக்ஸ்டெவ்', '-டைப் எஃப்', கடைசியில '-டெலீட்'. இந்த வரிசை முக்கியம். '-டெலீட்'டை முன்னால போட்டா வடிகட்டுறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் வழிச்சுரும். முதல்ல '-டெலீட்' இல்லாம ஓட்டி, பட்டியலைப் பாத்துக்கிடுங்க. சாஃப்ட்வேரை எல்லா மெஷின்லயும் மூடிட்டுச் செய்ங்க, இல்லாட்டா நீங்க அழிக்க அழிக்க அது போட்டுக்கிட்டே இருக்கும்.

#9 வண்ணார்பேட்டை_ஆல்பம்

ரீசைக்கிள்தான். சர்வர்ல அழிச்சாச்சு, 11 லட்சம் ஐநோடு காலி. லேப் ஓடுது. நிரந்தரமா என்ன செய்யலாம்? எல்விஎம் (டிஸ்க் பகுதியைப் பின்னால பெருசாக்க விடுற வசதி) இருக்கு, ஒரு டிபி கூட்டினா ஐநோடும் கூடும்னு இங்க ஒருத்தர் சொல்லுதார்.

#10 பாளை_அட்மின்

கூடும், ஆனா அதே விகிதத்துலதான் கூடும். ஒரு டிபி-க்கு 2.38 லட்சம். காசுக்குப் பிடிச்ச கேடு.

ரெண்டு வழி இருக்கு. சுலபமானது, ப்ரிவியூவை மட்டும் தனி எஸ்எஸ்டி-க்கு மாத்துறது. 240 ஜிபி போதும், ஜங்ஷன் பக்கம் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். எக்ஸ்ட்4-ஐ எந்த வகையும் குடுக்காம சாதாரணமாவே ஃபார்மேட் பண்ணினா 1.46 கோடி ஐநோடு வரும். உங்க ப்ரிவியூ சராசரி 20 கேபி. அந்தக் கணக்குல ஐநோடு தீர்றதுக்கு முன்னால டிஸ்க்குதான் நிறையும், அதுதான் சரியான வரிசை. நிறைஞ்சா 'டிஎஃப் -எச்'சுல கண்ணுக்குத் தெரியும்.

இன்னொண்ணு, மொத்தத்தையும் வேற டிஸ்க்குக்கு எடுத்து மறுபடி ஃபார்மேட் பண்றது. கிகாபிட் லைன்ல நொடிக்கு 110 எம்பி வச்சாக்கூட 5.1 டிபி-க்கு ஒரு வழிக்கு 14 மணி நேரம். பொடி ஃபைல் இருந்தா இன்னும் இழுக்கும். முகூர்த்தம் முடிஞ்சு மார்கழியில பாத்துக்கிடலாம். அப்பம் எக்ஸ்எஃப்எஸ் (எக்ஸ்ட்4 மாதிரி இன்னொரு முறை) போடுங்க, அதுல ஐநோடு தேவைக்குத் தக்க உருவாகும்.

#11 தாமிரபரணி_64

எக்ஸ்எஃப்எஸ்-லயும் ஒரு சிக்கல் உண்டு. பழைய கெர்னல்ல 'ஐநோட்32' முறையில மவுண்ட் ஆனா, ஐநோடு எல்லாம் டிஸ்க்கோட முதல் 1 டிபி-க்குள்ளதான் இருக்கணும். அந்தப் பகுதி வீடியோவால நிறைஞ்சா பின்னால எத்தனை டிபி காலியா இருந்தாலும் புது ஃபைல் பிறக்காது. கெர்னல் 3.7-ல இருந்து 'ஐநோட்64' தானா வருது. பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டி) வச்சிருக்கவங்க மவுண்ட் வரியைப் பாத்துக்கிடணும்.

#12 தென்காசி_நெட்வொர்க்

இதே எரர், வேற இடம். இங்க 'டிஎஃப் -எச்', 'டிஎஃப் -ஐ' ரெண்டும் நல்லா இருக்கு. சர்வர்ல உக்காந்து எழுதினா எழுதுது. விண்டோஸ்ல 20 ஜிபி காப்பி போட்டா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே இடமில்லைங்குது. டிரைவ் மேல வலது கிளிக் பண்ணினா மொத்தமே 28 ஜிபி-ன்னு காட்டுது. உள்ள இருக்குற டிஸ்க் 4 டிபி.

#13 மேலப்பாளையம்_லினக்ஸ்

ஷேரோட வேர் ஃபோல்டர் எந்த டிஸ்க்குல இருக்கு? 4 டிபி அதுக்குள்ள ஒரு உள்ஃபோல்டரா மவுண்ட் ஆகி இருக்கும்னு நினைக்கேன்.

#14 தென்காசி_நெட்வொர்க்

ஆமா. வேர் ஓஎஸ் இருக்குற எஸ்எஸ்டி-யில. 'டேட்டா'ங்கற உள்ஃபோல்டர்லதான் 4 டிபி.

#15 மேலப்பாளையம்_லினக்ஸ்

விண்டோஸ் நெட்வொர்க் டிரைவுக்கு இடம் கேட்கும்போது ஷேரோட வேருக்குத்தான் பதில் வரும், உள்ள எத்தனை மவுண்ட் இருந்தாலும் சரி. எக்ஸ்ப்ளோரர் அந்த எண்ணை வச்சுக் கணக்குப் போட்டு, காப்பியைத் தொடங்காமலே மறுத்துரும். சர்வருக்கு இந்தச் சண்டையே தெரியாது, லாக்ல ஒரு வரியும் இருக்காது. அதுதான் அடையாளம்: சின்னச் சின்ன ஃபைலா காப்பி பண்ணினா போகும், பெருசு போகாது.

சுத்தமான வைத்தியம், 4 டிபி-யோட மவுண்ட் பாயிண்டையே தனி ஷேரா குடுக்குறது. அது முடியாதுன்னா சாம்பாவுல 'டிஃப்ரீ கமாண்ட்' இருக்கு. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, மொத்தம், காலி ரெண்டு எண்ணை 1024 பைட் பிளாக் கணக்குல ஒரே வரியில அச்சடிச்சா போதும். ஸ்கிரிப்ட்டோட முழுப் பாதையைக் குடுங்க, ஓடுற அனுமதியும் வேணும். ஸ்கிரிப்ட்டுக்குள்ள 'டிஎஃப் -கே' போட்டு 4 டிபி-யோட வரியை எடுத்துக்கிடலாம்.

ப்ரிவியூ எஸ்எஸ்டி-யை ஷேருக்குள்ள மவுண்ட் பண்ணப் போற வண்ணார்பேட்டைக்காரரும் இதைக் கவனிங்க. உங்க எஸ்எஸ்டி நிறைஞ்சாலும் விண்டோஸ் 1.8 டிபி காலின்னுதான் காட்டும்.

#16 அம்பை_கணக்கு

இழையோட சேந்த விஷயம்தான். அரிசி ஆலைக் கணக்கு, ரொம்பப் பழைய 32 பிட் சாஃப்ட்வேர். சர்வர்ல டேட்டா. புது 4 டிபி டிஸ்க் போட்டதுல இருந்து 'டிஸ்க் ஃபுல்'னு சொல்லி வவுச்சரை ஏத்த மாட்டேங்குது. மத்த சாஃப்ட்வேர் எல்லாம் அதே ஷேர்ல எழுதுது.

#17 தாமிரபரணி_64

காலி இடம் கூடிப்போனதுதான் காரணம். அந்தக் காலத்து நிரல் காலி இடத்தை 32 பிட் எண்ணுல வாங்கும். 2 ஜிபி தாண்டினா அது மைனஸா மாறும், மைனஸ்னா இடமில்லைன்னு அர்த்தம் எடுத்துக்கிடும். சாம்பாவுல 'மேக்ஸ் டிஸ்க் சைஸ்' 1000-ன்னு குடுங்க, எம்பி கணக்கு. டிஸ்க் 1000 எம்பி-தான்னு வெளிய சொல்லும். எழுதுறதைத் தடுக்காது, சொல்ற எண்ணைத்தான் மாத்தும்.

#18 மேலப்பாளையம்_லினக்ஸ்

குளோபல் செட்டிங் அது, ஷேருக்கு ஷேர் மாத்த முடியாது. அதைப் போட்டா அதே சர்வர்ல இருக்குற மத்த ஷேரும் 1000 எம்பி-ன்னு காட்டும். அப்புறம் எக்ஸ்ப்ளோரர் பெரிய காப்பிகளை மறுக்கும், இன்னொரு பொய் டிஸ்க் ஃபுல் முளைக்கும். கணக்கு டேட்டாவைத் தனி ஷேராக்கி, அதுக்கு மட்டும் 'டிஃப்ரீ கமாண்ட்' வைங்க. ஸ்கிரிப்ட்ல '1500000 1000000'ன்னு ஒரே வரி எக்கோ. மொத்தம் சுமார் 1.5 ஜிபி, காலி 1 ஜிபி. அந்தச் சாஃப்ட்வேருக்கு அது தாராளம். உண்மையிலேயே டிஸ்க் நிறையுதான்னு மட்டும் சர்வர்ல பாத்துக்கிடணும், ஏன்னா இனி அந்த ஷேர் எப்பவும் 1 ஜிபி காலின்னே சொல்லும்.

#19 தாமிரபரணி_64

சரிதான், ஷேருக்கு ஷேர்னா 'டிஃப்ரீ'தான் வழி.

கோட்டாவை (ஒரு யூசருக்கு இவ்வளவுதான்னு வைக்கிற வரம்பு) யாரும் சொல்லல. யூசர் கோட்டா தாண்டினா லினக்ஸ் தர்றது எரர் 122, இடம் தீந்தா எரர் 28. ரெண்டும் வேற வேற. ஆனா சாம்பா ரெண்டையும் ஒரே 'டிஸ்க் ஃபுல்'லா மாத்தி விண்டோஸுக்கு அனுப்பும், விண்டோஸ் கண்ணுக்கு ரெண்டுமே 112-தான். ஒரு யூசருக்கு மட்டும் எரர் வந்து பக்கத்து மெஷின்ல வரலைன்னா 'ரெப்கோட்டா -ஏ' போட்டுப் பாருங்க. பிளாக் கோட்டா தனி, ஃபைல் எண்ணிக்கைக் கோட்டா தனி.

#20 பாளை_அட்மின்

நம்ம ஊர்ல ஐப்பசி மழைக்குக் கரண்ட் போய் வந்ததும் வர்ற வகை ஒண்ணு இருக்கு, அதை விரிவா எழுதுதேன்.

பேக்கப் டிஸ்க் யூஎஸ்பி-யில இருக்கும். எஃப்எஸ்டேப்ல (சர்வர் எழும்பும்போது மவுண்ட் பண்ண வேண்டிய டிஸ்க் பட்டியல்) 'நோஃபெயில்' போட்டிருக்கும். கரண்ட் வந்து சர்வர் எழும்பும்போது டிஸ்க் எழும்பல. 'நோஃபெயில்' இருக்குறதால சர்வர் அதைக் கண்டுக்காம மேல போயிரும். மவுண்ட் பாயிண்ட் இப்பம் வெறும் ஃபோல்டர், அது ரூட் டிஸ்க்குல (ஓஎஸ் இருக்குற டிஸ்க், இங்க ரூட்னா யூசர் இல்ல) இருக்கு. ராத்திரி ஆர்சிங்க் (பேக்கப் நகல் எடுக்கிற நிரல்) அதுக்குள்ள எழுதித் தள்ளும். காலையில ரூட் 100 சதவீதம். சாம்பா தன்னோட டிடிபி ஃபைலையும் (அதோட சின்ன டேட்டாபேஸ்) லாகையும் பிரிண்ட் ஸ்பூலையும் ரூட்லதான் வைக்கும். அதனால டேட்டா டிஸ்க் காலியா இருந்தும் லாகின், பிரிண்ட் எல்லாம் விசித்திரமாப் படுக்கும்.

இதுல கொடுமை என்னன்னா, யாராவது யூஎஸ்பி-யைக் கழட்டி மாட்டி மவுண்ட் பண்ணிருவாங்க. உடனே அந்த எழுதின ஃபைல் எல்லாம் மவுண்டுக்கு அடியில மறைஞ்சிரும். 'டிஎஃப்' ரூட் நிறைஞ்சதுங்கும், 'டியூ -எக்ஸ்' கூட்டினா பாதிகூட வராது. ரூட்டை வேற இடத்துல 'மவுண்ட் --பைண்ட்' பண்ணி, அங்க போய் 'டியூ' போடுங்க. மறைஞ்சது வெளிய வரும், அங்கயே அழிக்கலாம். பாதை சரியான்னு ரெண்டு தடவை பாருங்க, அடுத்த பக்கம் இருக்குறது நிஜமான பேக்கப்.

திரும்ப வராம இருக்க, டிஸ்க்கை அன்மவுண்ட் பண்ணிட்டு வெறும் மவுண்ட் ஃபோல்டர் மேல 'சேட்டர் +ஐ' போட்டு வைங்க. மவுண்ட் இல்லாத நேரத்துல ரூட்டாலகூட அதுக்குள்ள எழுத முடியாது, மவுண்ட் ஆனா வழக்கம்போல எழுதும். பேக்கப் ஸ்கிரிப்ட்டோட முதல் வரியில 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ' சோதனை, தோத்தா வெளியேறணும்.

#21 தென்காசி_நெட்வொர்க்

ஷேர் மாத்திக் குடுத்தாச்சு, விண்டோஸ்ல 4 டிபி தெரியுது. நன்றி. இதே சர்வர்ல 'டிஎஃப்'புக்கும் 'டியூ'வுக்கும் 60 ஜிபி வித்தியாசம் வருது, மவுண்டுக்கு அடியில ஒண்ணும் இல்ல.

#22 மேலப்பாளையம்_லினக்ஸ்

அழிச்ச ஃபைலை ஏதாவது புராசஸ் இன்னும் திறந்து வச்சிருக்கும். 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' போடுங்க. பேர் போயும் பிடி விடாத ஃபைல் எல்லாம் அளவோட வரும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினா இடம் திரும்பும். பெரும்பாலும் கேமரா ரெக்கார்டிங்கோ, ரொட்டேட் பண்ணாத லாகோதான்.

#23 தென்காசி_நெட்வொர்க்

கேமரா ரெக்கார்டர்தான், 58 ஜிபி. ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. ஆனா அதோட லாக்ல இன்னும் 'டிவைஸில் இடமில்லை' வருது, ஃபோல்டரைக் கண்காணிக்கிற இடத்துல மட்டும்.

#24 பாளை_அட்மின்

அதுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்ல. ஃபோல்டரைக் கண்காணிக்கிற ஐநோட்டிஃபை வாட்ச் எண்ணிக்கை தீந்தா கெர்னல் அதே எரர் 28-ஐத்தான் திருப்பும். 'சிஸ்கண்ட்ரோல்'ல 'எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்' எவ்வளவுன்னு பாருங்க. பழைய கெர்னல்ல 8192 இருக்கும், 5.11-ல இருந்து ரேமுக்குத் தக்க வரும். 524288-ன்னு குடுத்து, 'சிஸ்கண்ட்ரோல்.டி' ஃபோல்டர்ல ஒரு ஃபைல்ல எழுதி வைங்க, இல்லாட்டா ரீபூட்ல பழையபடி போயிரும். மாத்தினதும் ரெக்கார்டரை மறுபடி ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

#25 வண்ணார்பேட்டை_ஆல்பம்

எஸ்எஸ்டி மாட்டி ப்ரிவியூவை மாத்தியாச்சு. பெரிய டிஸ்க்குல ஐநோடு இப்பம் 12 சதவீதம். எத்தனை சதவீதத்துல எச்சரிக்கை வைக்கணும் அண்ணாச்சி?

#26 பாளை_அட்மின்

80-ல மெயில் வர்ற மாதிரி வைங்க. இடத்துக்கு ஒண்ணு, ஐநோடுக்கு ஒண்ணு, ரெண்டு டிஸ்க்குக்கும். கிரான்ல (குறிச்ச நேரத்துல கட்டளையைத் தானா ஓட்டுறது) 'டிஎஃப் --அவுட்புட்'டுக்கு 'டார்கெட், பிசென்ட், ஐபிசென்ட்' மூணையும் குடுத்தா ஒரே பட்டியல்ல வந்துரும். மெயிலை ரூட் பெட்டிக்கு அனுப்பாதிய, அதை யாரும் திறக்க மாட்டாங்க.